ஆளுக்கொரு ஒப்புதல்

"குத்தவாளிதான் ஒத்துக்கிட்டாச்சே. அப்புறம் எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க, கைதட்டவா?"

கடப்பாரை இப்படிக் கேட்டதும் மேனேஜிங் பார்ட்னரின் முகம் சுருங்கியது. அந்த வக்கீல் கம்பெனியில் அவரிடம் யாரும் கேள்வி கேட்டுப் பழக்கமில்லை. மாடிக்கு மாடி வக்கீல்கள். எல்லோரும் அவர் பேசி முடித்த பிறகு தலையாட்டுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்கள்.

கடப்பாரைக்கு அந்தப் பெயர், கிடங்கில் மூட்டை தூக்கிய காலத்தில் ஒட்டிக்கொண்டது. ஆணி அடித்த பெட்டி எதுவானாலும் அவர் கைபட்டால் வாயைத் திறக்கும். இப்போது துப்பறிவாளர். பெட்டிக்குப் பதில் மனிதர்கள், அவ்வளவுதான் வித்தியாசம் என்பார். கழுத்துக்குக் கீழே தோள்பட்டையில் இன்னும் காய்ப்பு இருந்தது. சட்டை தைக்கிற டெய்லர்தான் பாவம்.

அவருடைய உதவியாளர் பெயர் குண்டூசி. ஆள் ஒல்லி. கூர்மையெல்லாம் வாயில்.

"ஒத்துக்கிட்டா. ஆனா யார் மூலமா வித்தான்னு சொல்ல மாட்டேங்கறா" என்றார் மேனேஜிங் பார்ட்னர். "அது தெரியணும். இன்னிக்குச் சாயங்காலம் எங்க கட்சிக்காரர் வர்றார். அவர் முன்னாடி அந்தப் பொண்ணை வேலையை விட்டு அனுப்பறோம். பார் கவுன்சிலுக்குப் புகாரும் போகும். அதுக்கப்புறம் கறுப்புக் கோட்டை அவ மழைக்குப் போட்டுக்க வேண்டியதுதான்."

விஷயம் இதுதான். கட்சிக்காரர் ஒரு கட்டட கான்ட்ராக்டர். அவர் கட்டடத்தில் சாரம் சரிந்து ஒரு கொத்தனார் கீழே விழுந்தார். இடுப்பு போயிற்று. நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். கொத்தனார் குடித்திருந்தார், அதனால்தான் விழுந்தார் என்பது கான்ட்ராக்டர் தரப்பு வாதம். நேற்று கோர்ட்டில் கொத்தனாரைக் குறுக்கு விசாரணை செய்தவர் கம்பெனியின் நட்சத்திர வக்கீல். இளம் வக்கீல்களுக்கெல்லாம் பயிற்சி கொடுப்பவரும் அவர்தான். அதனால் எல்லோருக்கும் அவர் 'வாத்தியார்'. அவருடைய குறுக்கு விசாரணையில் இதுவரை எந்தச் சாட்சியும் முழுசாக வீடு திரும்பியதில்லை என்று பேர். நேற்று கொத்தனார் மட்டும் ஊன்றுகோலோடு சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

"கேள்வி கேக்கறதுக்கு முன்னாடியே பதில் சொல்லிட்டான்யா!" என்றார் மேனேஜிங் பார்ட்னர். "கோர்ட்டே சிரிச்சுது. வராந்தாவுக்கு வந்ததும் கட்சிக்காரர், எவனோ கேள்வியை வித்துட்டான்னு கத்தினார். வாத்தியார் பின்னாடி நின்ன ஜூனியர் பொண்ணு முன்னால வந்து, 'தப்பு என்னுது'ன்னு சொல்லிட்டா."

"அவளாவேவா?"

"அவளாவே. அவ அம்மா கட்டட வேலையில சித்தாள். ரத்தம் அந்தப் பக்கம் இழுத்திருக்கு."

குண்டூசி சுவரைப் பார்த்தாள். பெரிய சட்டம் போட்ட போஸ்டர். பல் தெரியச் சிரிக்கும் இளைஞர்களுக்கு மேலே, 'ஒவ்வொரு இளம் வக்கீலுக்கும் ஒரு வழிகாட்டி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"நல்லாத்தான் வழி காட்டறீங்க சார்" என்றாள். "வாசல் வரைக்கும்."

*

அந்தப் பெண்ணைப் பழைய கேஸ் கட்டுகள் போட்டு வைக்கும் அறையில் உட்கார வைத்திருந்தார்கள். எழுந்து நின்றபோது தலை டியூப்லைட்டைத் தொட்டுவிடும் போலிருந்தது. குண்டூசி பார்த்த மாத்திரத்தில் 'நெட்டை' என்று பெயர் வைத்துவிட்டாள். கறுப்பு ஃபிரேம் கண்ணாடி. அழுது முடித்த கண்.

"உக்காரும்மா. யாருக்கு வித்தே?"

"தப்பு என்னுது சார்."

"அது தெரியும். யாருக்கு?"

"தப்பு என்னுது சார்."

"அண்ணே, டேப் மாட்டிக்கிச்சு. ஒரு தட்டு தட்டுங்க" என்றாள் குண்டூசி.

கடப்பாரை தட்டவில்லை. மேஜையிலிருந்த தண்ணீர் டம்ளரை முழங்கையால் இடித்தார். தண்ணீர் அவர் பேண்ட்டிலேயே கொட்டியது. நெட்டை துள்ளி எழுந்தாள்.

"சாரி சார், சாரி! என் தப்பு!"

"ஏம்மா, இடிச்சது நானு."

அவள் கைக்குட்டையோடு பாதி குனிந்த நிலையில் நின்றாள். தான் சொன்னது தனக்கே அப்போதுதான் கேட்டது போல முழித்தாள்.

கடப்பாரை ஈரப் பேண்ட்டோடு வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். "வித்த கதையை விடு. கோர்ட்டுல என்ன நடந்துச்சுன்னு மட்டும் சொல்லு. கண்ணால பார்த்ததை."

இதற்கு அவளால் பேச முடிந்தது. வாத்தியார் எழுந்தார். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். எந்த வயதில் கொத்து வேலைக்கு வந்தீர்கள் என்று கேட்டார். உங்கள் கைவேலையைப் பற்றி எல்லோரும் நல்லபடியாகச் சொல்கிறார்களே என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உடனே கொத்தனார் சிரித்துவிட்டார்.

"சிரிச்சுட்டு?"

"'காலையிலயும் குடிக்கலீங்க, முந்தின நாளும் குடிக்கலீங்க. எனக்கு அந்தப் பழக்கமே இல்லீங்க'ன்னு சொன்னார்."

"வாத்தியார் என்ன கேக்க இருந்தார்?"

"'நீங்க குடிச்சது அன்னிக்குக் காலையிலயா, முந்தின நாளா?' எதைச் சொன்னாலும் குடிச்சதா ஆயிடும். அதுதான் கடைசிக் கேள்வி."

"நல்ல கேள்வி" என்றாள் குண்டூசி. "என் மாமியார் தினம் இப்படித்தான் கேப்பாங்க."

நெட்டையின் கைப்பேசி அதிர்ந்தது. 'அம்மா' என்று வந்தது. அவள் எடுத்தாள். மறுமுனையில் கலவை மெஷின் ஓடுகிற சத்தம், அதற்கு மேல் ஒரு பெண்ணின் கத்தல்: "சாப்பிட்டியாடி? மேஸ்திரிகிட்ட சொல்லிட்டேன், என் பொண்ணு பெரிய கோர்ட்டுல நிக்கறான்னு. நம்ப மாட்டேங்கறாரு. ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, கோட்டோட!"

"அனுப்பறேம்மா. வேலையா இருக்கேன்."

வைத்துவிட்டு, கைப்பேசியைக் கவிழ்த்துப் போட்டாள். குண்டூசிக்கு ஜோக் எதுவும் வரவில்லை. அது அபூர்வம்.

*

ஒத்திகைக் கோர்ட் மேல் மாடியில் இருந்தது. நீதிபதி மேடை, சாட்சிக் கூண்டு, சுத்தியல் எல்லாம் அசல் மாதிரி. அசலில் இல்லாதது ஏசி மட்டும்தான். நேற்று அவ்வளவு பெரிய மானக்கேடு நடந்திருக்கிறது, இன்றைக்கும் பயிற்சி நிற்கவில்லை. கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கடப்பாரையும் குண்டூசியும் பார்த்தார்கள்.

வாத்தியார் கனமான மனிதர். குரலும் கனம். கூண்டில் ஒரு ஜூனியரைச் சாட்சியாக ஏற்றிவிட்டு, சுருட்டை முடிக்கார ஜூனியரைக் கேள்வி கேட்கச் சொல்லியிருந்தார். சுருட்டை கேட்டான்.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

"எந்த வயசுல வேலைக்கு வந்தீங்க?"

"உங்களைப் பத்தி எல்லாரும் நல்லவிதமாச் சொல்றாங்களே?"

அடுத்து அவன் வாயைத் திறந்தான். வாத்தியார் சுத்தியலால் மேஜையை அடித்தார்.

"கண்ணாடி எங்கடா? மூணு இனிப்பு குடுத்தாச்சு. அடுத்து என்ன? கழட்டணும், துடைக்கணும், மாட்டணும், அப்புறம் வெட்டணும்! நான் எப்படி நின்னேனோ அப்படி நில்லு. நான் எப்படித் துடைச்சேனோ அப்படித் துடை. சொந்த மூளையை வெச்சு ஒண்ணும் பண்ணாதே. அதுக்கு இன்னும் காலம் இருக்கு!"

சுருட்டை மறுபடி முதல் கேள்வியிலிருந்து தொடங்கினான். இந்த முறை கண்ணாடி சரியாகக் கழன்றது. வாத்தியார் மெய்மறந்து தலையாட்டினார்.

"அண்ணே, இங்க இருக்கற அத்தனை பேருக்கும் கண்ணு கெட்டுப் போயிருக்கு, கவனிச்சீங்களா?" என்றாள் குண்டூசி.

இடைவேளையில் சுருட்டை வெளியே வந்தான். குண்டூசி அவன் மூக்கிலிருந்து கண்ணாடியை உரிமையோடு உருவித் தன் கண்ணில் மாட்டிப் பார்த்தாள்.

"என்ன தம்பி இது, பவரே இல்லையே. ஜன்னல் கண்ணாடியை அறுத்து மாட்டியிருக்கே."

"வாத்தியார் எல்லாரையும் வாங்கச் சொன்னார்க்கா. கழட்டறதுக்கு."

கடப்பாரை அவன் தோளில் கைபோட்டார். அந்தக் கையின் கனத்தில் சுருட்டை இரண்டு விரற்கடை கீழே இறங்கினான்.

"தம்பி, எனக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சு. கேள்வியை வித்தது நீதான்."

"தப்பு என்னுது சார்!"

கடப்பாரை கையை எடுத்துவிட்டார். பின்னாலேயே வந்த தூங்குமூஞ்சி ஜூனியரைப் பார்த்து, "அப்ப நீ இல்லையா?" என்றார்.

"தப்பு என்னுது சார்" என்றான் தூங்குமூஞ்சி, கொட்டாவியோடு.

சாட்சிக் கூண்டிலிருந்து இறங்கி வந்த பெண்ணைக் கேட்டார். அவளும் ஒத்துக்கொண்டாள். கேஸ் கட்டு தள்ளிக்கொண்டு வந்த இன்னொரு ஜூனியர், என்ன கேள்வி என்றுகூடக் கேட்காமல் ஒத்துக்கொண்டான்.

"அண்ணே நிறுத்துங்க" என்றாள் குண்டூசி. "இன்னும் ஒரு ரவுண்டு போனா லிஃப்ட்காரர் ஒத்துக்குவார். போலீஸ்காரங்க இந்த மாடிக்கு வந்தா சந்தோஷத்துல செத்தே போயிடுவாங்க."

சுருட்டைதான் விளக்கினான். இங்கே சேர்ந்த அன்றைக்குக் கற்றுத்தரும் முதல் பாடம் அது. கோர்ட்டில் சீனியர் தப்பான பக்கத்தைப் புரட்டுவார், தேதியை மறந்திருப்பார். நீதிபதி முறைத்தால், பின்னால் நிற்கும் ஜூனியர் சட்டென்று முன்னால் வந்து, 'தப்பு என்னுது' என்று சொல்லிவிட வேண்டும். சீனியரின் முகம் கட்சிக்காரர் முன்னால் விழக்கூடாது. யோசிக்கக் கூடாது, முந்த வேண்டும். அதற்கும் ஒத்திகை உண்டு. கடைசியாகச் சொன்னவன் எல்லோருக்கும் காபி வாங்கித் தர வேண்டும்.

"அப்ப நேத்து வராந்தாவுல?"

"நாங்க எல்லாருமே வாயைத் திறந்தோம் சார். அவளுக்குக் கால் நீளம். முதல்ல போய் நின்னுட்டா."

கடப்பாரைக்குப் பழைய ஞாபகம் வந்தது. கிடங்கிலும் இப்படித்தான். மேலே இருப்பவன் கணக்குத் தப்பாகக் கட்டியிருப்பான், மூட்டை சரியும். கீழே நின்றவன் சரியாகப் பிடிக்கவில்லை என்று பேச்சு வரும். ஆனால் அங்கே கீழே நின்றவனுக்கு வாய் இருந்தது, கெட்ட வார்த்தையும் தெரிந்திருந்தது. படித்த பிள்ளைகளுக்கு அந்த வசதிகூட இல்லை.

"குண்டூசி, அந்தக் கொத்தனார் எப்ப சிரிச்சார்?"

"கண்ணாடியைக் கழட்டினதும்."

"கேள்வியை யாராவது வித்திருந்தா, கேள்வி வர்ற வரைக்கும் காத்திருந்துல்ல பதில் சொல்லணும்? இவர் கேள்விக்குப் பதில் சொல்லல. கண்ணாடிக்குப் பதில் சொல்லியிருக்கார்."

*

எதிர்த்தரப்பு வக்கீலின் ஆபீஸ் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. படி ஏறும்போதே ரப்பர் வாசனை மூக்கில் ஏறியது. கீழே காற்றடிக்கிற மெஷின் ஓடினால் மேலே மேஜை அதிரும். மேஜையில் கிடந்த பேனா ஒன்று ஒவ்வொரு டயருக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து விளிம்புக்கு வந்துகொண்டிருந்தது. அவர் பேசிக்கொண்டே அதைத் தள்ளி வைத்தார். பழக்கப்பட்ட கை.

"எவ்வளவு குடுத்து வாங்கினீங்க வக்கீல் ஐயா?" என்று நேராகக் கேட்டார் கடப்பாரை.

"எதை?"

"கேள்வியை."

வக்கீல் சிரிக்கவில்லை. யோசித்தார். யோசிக்கும்போது அவர் கை தானாக மேலே போயிற்று. கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியில் துடைத்தார்.

குண்டூசி எட்டி அந்தக் கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். "இதுலயும் பவர் இல்லண்ணே."

"விட முடியலம்மா" என்றார் வக்கீல், கொஞ்சம் வெட்கத்தோடு. "வீட்டுல காய்கறிக்காரர்கிட்ட பேரம் பேசும்போதுகூடக் கழட்டறேன்."

பல வருஷம் வாத்தியாரின் பின்னால் நின்றவர் அவர். பை தூக்கினார், புத்தகம் புரட்டினார், மூன்று இனிப்பும் ஒரு வெட்டும் அவருக்கு மனப்பாடம். ஒருநாள் வாத்தியார் ஒரு அப்பீல் போட மறந்துவிட்டார். கட்சிக்காரர் கத்தினார். இவர் முன்னால் வந்து சொல்ல வேண்டியதைச் சொன்னார். கட்சிக்காரர், 'அப்ப இவனை அனுப்புங்க' என்றார். அனுப்பிவிட்டார்கள்.

"யாரும் எனக்கு எதையும் விக்கல சார். கொத்தனார் குடிச்சிருந்தார்னு அவங்களே பதில் மனுவுல எழுதியிருக்காங்க. வேற எதைக் கேப்பாங்க? நான் அவர்கிட்ட ஒண்ணுதான் சொன்னேன். 'மூணு கேள்வி நல்லதாக் கேப்பாரு. அப்புறம் கண்ணாடி கழலும். கழண்டுச்சுன்னா ரெண்டு பக்கமும் வெட்டுற கத்தி வருது. அவர் எந்தப் பக்கம் காட்டினாலும் ரெண்டையும் இல்லைன்னுடுங்க.' அந்த மனுஷன் கேள்வி வர்ற வரைக்கும் பொறுக்கல. சிரிப்பு வந்துடுச்சு அவருக்கு."

"உங்களால ஒரு பொண்ணுக்கு வேலை போகுது, தெரியுமா? பேர் கெட்டுப் போய்."

பேனா விளிம்பைத் தாண்டிக் கீழே விழுந்தது. இந்த முறை அவர் பிடிக்கவில்லை.

"தப்பு என்னுதுன்னு சொல்லிட்டாளா?"

"ம்."

"எனக்குத் தோணவே இல்ல" என்றார் மெதுவாக. "அவர் தோக்கணும்னுதான் நினைச்சேன். அவர் பின்னாடி ஒரு ஆள் நிக்கும்னு எனக்குத் தோணாமப் போச்சு. எனக்கே!"

டீ வந்தது. மூவரும் குடித்தார்கள்.

*

சாயங்காலக் கூட்டம். நீள மேஜை. ஒரு பக்கம் மேனேஜிங் பார்ட்னரும் வாத்தியாரும். எதிரே கான்ட்ராக்டர், விரலுக்கு ஒரு மோதிரத்தோடு. ஜூனியர்கள் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். இந்தக் கூட்டங்களில் அவர்களுக்கு நாற்காலியும் இல்லை, பேச்சும் இல்லை. நெட்டை கடைசியில் நின்றாள். கோட்டைக் கழற்றிக் கையில் மடித்து வைத்திருந்தாள். கேட்பதற்கு முன்பே கொடுத்துவிடுகிற ஆள்.

"கேள்வி வெளிய போகவே இல்ல" என்றார் கடப்பாரை. "வித்தவங்களும் இல்ல, வாங்கினவங்களும் இல்ல. அந்த வக்கீல் இங்க படிச்சவர். வாத்தியார் எல்லாரையும் ஒரே அச்சுல வார்க்கறார். அச்சு தெரிஞ்சவனுக்கு எதுக்குத் திருட்டு?"

வாத்தியார் மெல்ல எழுந்தார். கான்ட்ராக்டரைப் பார்த்து ஒரு புன்னகை. பிறகு கடப்பாரையின் பக்கம் திரும்பினார். குரலில் தேன் வழிந்தது.

"நீங்க முன்னாடி மூட்டை தூக்கினீங்களாமே?"

"ஆமா."

"ரொம்பக் கஷ்டப்பட்டு மேல வந்திருக்கீங்க இல்ல?"

"ஏதோ."

"உங்க நேர்மையைப் பத்தி ஊரெல்லாம் பேசறாங்களே?"

"பேசட்டும்."

வாத்தியாரின் கை கண்ணாடிக்குப் போயிற்று. கழற்றினார். குண்டூசி எழுந்து, பணிவாகத் தன் கைக்குட்டையை நீட்டினாள். சுவரோரத்தில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

"லஞ்சம் இன்னிக்கும் வாங்கல, நேத்தும் வாங்கல" என்றார் கடப்பாரை. "அந்த வக்கீல்கிட்ட நான் வாங்கினது ஒரு டீ. அதுலயும் சர்க்கரை இல்ல."

வாத்தியாரின் வாய் பாதி திறந்திருந்தது. அவர் கேட்க இருந்த கேள்வி அதற்குள்ளேயே கிடந்தது. அவர் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அது என்ன கேள்வி என்று விளக்கம் தேவைப்படவில்லை.

"என்கிட்ட எந்தக் காகிதத்தையும் யாரும் விக்கல சார். கண்ணாடி கழண்டா இப்படி வரும்னு அவர் சொன்னார், வந்துச்சு. கொத்தனார் சிரிச்சப்பவே இது உங்களுக்குப் புரிஞ்சிருக்கும். அந்தப் பொண்ணு முன்னால வந்து நின்னதும் வசதியாப் போச்சு."

வாத்தியார் உட்கார்ந்தார். கண்ணாடியை மாட்டிக்கொள்ளவில்லை.

"அதெல்லாம் சரி. ஆனா அவளே ஒத்துக்கிட்டாளே!" என்று மேனேஜிங் பார்ட்னர் பிடியை விடவில்லை.

கடப்பாரை சுவர்ப் பக்கம் திரும்பி, கிடங்கில் லாரிக்காரனை அழைக்கிற குரலில் கத்தினார்: "இவ்வளவு பெரிய தப்பு யாரால நடந்துச்சு?"

"தப்பு என்னுது சார்!"

ஒட்டுமொத்தக் குரல். தூங்குமூஞ்சி மட்டும் கொஞ்சம் தாமதம். கான்ட்ராக்டர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"யோவ், எத்தனை பேருய்யா வித்தீங்க?"

"காபி அந்தத் தம்பி செலவு" என்றாள் குண்டூசி.

ஆனால் கான்ட்ராக்டர் சிரிக்கவில்லை. மோதிர விரலால் மேஜையைத் தட்டினார். "இந்தக் கூத்தெல்லாம் எனக்கு வேண்டாம். கேள்வி போகலைன்னே வெச்சுக்குவோம். அந்த நெட்டைப் பொண்ணோட அம்மா சித்தாள். நாளைக்கு வேற எதையாவது கொண்டுபோய்க் குடுக்க மாட்டான்னு என்ன நிச்சயம்? எனக்கு அவ வேண்டாம். அனுப்பிடுங்க."

மேனேஜிங் பார்ட்னரின் முகத்தில் நிம்மதி வந்தது. கடப்பாரை குண்டூசியைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள். நெம்புகோலுக்கு இடுக்கு தட்டுப்படாத பெட்டி. உண்மையைக் கொட்டியாயிற்று, அதற்கு இங்கே விலையில்லை.

"ஒரு கேள்வி கேக்கலாமா?"

நெட்டைதான். வாத்தியார் சட்டென்று திரும்பி, "ஜூனியர் பேசக் கூடாது" என்றார். அதுவும் பழக்கம்தான்.

"வேலையை விட்டு அனுப்பறீங்களே சார். அப்ப நான் ஜூனியர் இல்லையே" என்றாள் அவள்.

மேஜைக்கு வந்தாள். அவள் கை கண்ணாடியை நோக்கி உயர்ந்தது. பாதியில் நின்றது. கீழே இறங்கியது. இனிப்பு எதுவும் கொடுக்கவில்லை.

"சாரம் விழுந்த மறுநாள் காலையில, உங்களோட மத்த ரெண்டு சைட்டுலயும் கயித்தை எல்லாம் ஏன் சார் மாத்தினீங்க?"

கான்ட்ராக்டர் தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றுபோனது.

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. பாதுகாப்பு பெல்ட் சாம்பிள் வாங்கிட்டு வரச் சொல்லி இங்கிருந்துதான் என்னை அனுப்பினாங்க. மூணு சைட்டுக்கும் போனேன். விழுந்த எடத்துல பழைய கயிறு, நார் நாராப் பிரிஞ்சு கிடந்துச்சு. மத்த ரெண்டுலயும் புத்தம் புதுசு, மஞ்சளா, முடிச்சுகூட இறுகல. எப்ப மாத்தினீங்கன்னு சாரம் கட்டறவரைக் கேட்டேன். விழுந்த மறுநாள் லாரியில வந்து இறங்குச்சுன்னார்." அவள் குரல் ஏறவில்லை. "கொத்தனார் குடிச்சிருந்ததாலதான் விழுந்தார்னா, கயித்தை எதுக்கு மாத்தணும்?"

மேனேஜிங் பார்ட்னர் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் மேஜையைப் பார்த்தார். சைட்டில் பார்த்ததை அவள் எழுதிச் சேர்த்திருந்த கேஸ் கட்டை அவர் ஒரு தடவையாவது முழுசாகப் பிரித்திருந்தால் இந்தக் கேள்வி அவருக்கும் தோன்றியிருக்கும்.

"இதை... அந்த வக்கீல்கிட்ட சொல்லிட்டியா?" கான்ட்ராக்டரின் குரலில் மோதிரங்கள் எல்லாம் கழன்றிருந்தன.

"சொல்லியிருந்தா நேத்தே அவர் உங்களைக் கூண்டுல ஏத்தியிருப்பார். இன்னிக்கு வரைக்கும் அவர் இதைக் கேக்கல. கேக்கலைங்கறதுதான் என் சாட்சி."

கடப்பாரை வாய்விட்டுச் சிரித்தார். இத்தனை நேரம் அவர் ஓடியோடித் தேடியதை அவள் சட்டைப்பையிலேயே வைத்திருந்திருக்கிறாள். கேட்கத்தான் ஆள் இல்லை.

"இவளை வெளிய அனுப்பறதாச் சொன்னது யாருய்யா?" என்றார் கான்ட்ராக்டர் மேனேஜிங் பார்ட்னரிடம்.

"நீங்கதான்... இப்ப..."

"விளையாடறீங்களா? இவ்வளவும் தெரிஞ்ச பொண்ணை வெளிய அனுப்பிட்டு நான் எங்க போய்ப் படுக்கறது? புகாரும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. இங்கயே இருக்கட்டும்."

"பயத்துல சொல்றீங்களா, நியாயத்துல சொல்றீங்களா?" என்று குண்டூசி ஆர்வமாகக் கேட்டாள்.

"பயத்துலதான்!"

"அதுவும் நல்லதுதான். நியாயம்னா விடியறதுக்குள்ள மாறிடும்."

"நீங்க பயப்பட வேண்டாம் சார்" என்றாள் நெட்டை. "கட்சிக்காரர் ரகசியத்தை நான் எங்கயும் சொல்ல மாட்டேன். அனுப்பினாலும் சொல்ல மாட்டேன். ஆனா அடுத்த வாய்தாவுக்குள்ள அவங்க வக்கீலுக்கே இது தோணிடும். அதுக்கு முன்னாடி நாமளே போய் சமாதானம் பேசறது உங்களுக்கு நல்லது. அந்த இடுப்புக்கு ஆபரேஷன் ஆகணும். அதை முதல்ல ஒத்துக்கங்க."

கான்ட்ராக்டர் நெற்றியைத் துடைத்தார். ஒரு பெரிய மூட்டையை இறக்கியவர் மாதிரி மூச்சு விட்டார்.

"சரி. பேசிடலாம். அவ்வளவுதானே?" என்று எழுந்தார்.

நெட்டை கோட்டை உதறிப் போட்டுக்கொண்டாள். மேஜையடியிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து, அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"உக்காருங்க சார். அது முதல் கேள்விதான்."